ஆங்கில நாட்டு இளவேனிலும் ஒளிப்படப் பெட்டியும்

இயற்கை வனப்பைக் கண்டு களித்தல் மக்கள் யாவர்க்கும் பொதுவாயினும், அவ்வனப்புத் தோன்றும் காலமும் அதனைக் காணும் கண்ணும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஈழத்தின் கீழைக்கரையிலே பெரியநீலாவணையில் நிற்கும் ஒருவனுக்குக் கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியும் தோன்றும். வாடைக்காற்றோடு வரும் மாரிமழையால் மார்கழி, தை மாதங்களிலே அவ்வெளி பசுமை போர்த்து நிற்கும். நூல்கள் இளவேனில் எனக் கூறும் சித்திரை, வைகாசியிலோ, வானம் பார்த்த வயல்கள் அறுவடை முடிந்து வெளிறிக் கிடக்க, கச்சான் காற்று வெம்மையோடு வீசத் தொடங்கும். அதே நாள்களில் ஆங்கில நாட்டுச் சிற்றூர்களிலே மரந்தோறும் தளிரும் புல்வெளிதோறும் மலரும் தோன்றுகின்றன. நமக்குப் பசுமை தருவது மழை. அவர்க்குப் பசுமை தருவது ஒளி.

இதன் காரணம் வெளிப்படை. பெரியநீலாவணை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7½ பாகை வடக்கே உள்ளது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையிலுள்ள வேற்றுமை ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. இலண்டன் மாநகரிலோ மார்கழிப் பகல் 8 மணி நேரமும் நிரம்பாது. ஆனி மாதத்துப் பகல் 16½ மணி நேரத்தைக் கடக்கும். ஆறு திங்கள் இருளிலும் குளிரிலும் ஒடுங்கியிருந்த மக்களுக்கு, நாளுக்கு நாள் நீளும் மாலைவெயில் ஒரு விடுதலையாகவே தோன்றுதல் இயல்பு. ஆங்கிலப் புலவர் இளவேனிலைப் பாடிப் பாடி அமையாமைக்கும், பிற்காலத்தார் ஒளிப்படப் பெட்டியைத் தோளிலிட்டு வயல்வழி நடந்தமைக்கும் இதுவே முதற்காரணம்.

எனினும், அந்நாட்டு நாட்டுப்புறக் காட்சி முற்றும் இயற்கையானதன்று. வைகாசியில் வெண்பூப் பூத்து வயல்களை வகுத்து நிற்கும் முள்வேலிகளிற் பல, 1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட காலத்திலே பாராளுமன்றச் சட்டங்களின் துணைகொண்டு பொதுநிலங்கள் தனியார் உடைமையாக அடைக்கப்பட்டபொழுது நடப்பட்டவை. அவ்வேலிகளால் மேய்ச்சல் நிலத்தையும் விறகு பொறுக்கும் உரிமையையும் இழந்த ஏழை உழவர் பலர். இன்று நாம் அழகெனக் காணும் ஒரு கோட்டிலே நேற்றைய ஒருவரின் துயரமும் அடங்கியிருத்தல் கூடும். வரலாறு பயில்வோர் நிலக்காட்சியையும் ஓர் ஏடாகக் கொண்டு படித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஒளிப்படக் கலையும் ஆங்கில நாட்டில் ஒரு சிற்றூரிலேயே பிறந்தது. வில்ற்ஷயர்ப் பகுதியிலுள்ள லேக்கொக் என்னும் ஊரிலே வாழ்ந்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் ரால்பொற், 1835இல் தம் மனையின் சாளரமொன்றை வெள்ளியுப்புப் பூசிய தாளிலே மறிபடமாகப் பதித்தார். 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய ஒளிப்பட நூலில் வைக்கோற்போர் ஒன்றும், திறந்த கதவருகே சாய்த்து வைத்த துடைப்பம் ஒன்றும் படங்களாக இடம்பெற்றன. அரசரும் அரண்மனையும் அல்லாத எளிய பொருள்களும் கலைக்கு உரியவை என்பதை அக்கருவி தன் தொடக்கத்திலேயே உணர்த்திற்று.

ஆயினும் இளவேனிலைப் படமாக்குதல் எளிதாயிருக்கவில்லை. 1850களிற் பரவிய ஈரத்தகட்டு முறையிலே, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படம்பிடித்து, காயுமுன்னரே கழுவியும் ஆகவேண்டும். ஆதலின் வயலுக்குச் செல்வோர் இருட்டறைக் கூடாரத்தையும் உடன்கொண்டு செல்ல நேர்ந்தது. மற்றொரு குறை இதனினும் பெரிது. அக்காலத் தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. ஆதலின் மஞ்சட் பூக்கள் கருத்தும், நீலப் பூக்கள் வெளுத்தும், வானம் வெறுமையாயும் பதிந்தன. வண்ணத்தையே உயிராகக் கொண்ட பருவத்தை அக்கருவி தலைகீழாகக் காட்டிற்று. 1871இல் றிச்சட் மடொக்ஸ் வெளியிட்ட உலர்தகட்டு முறையும், 1888இல் வந்த கொடக் பெட்டியும் சுமையைக் குறைத்தன. 1907இல் லூமியர் உடன்பிறந்தார் விற்பனைக்குக் கொணர்ந்த வண்ணத்தகடே வண்ணப்படத்தைப் பலர்க்கும் கைவரச் செய்தது.

இவ்வளவு இடர்ப்பட்டும் அவர்கள் படம்பிடித்தது அழகின்பொருட்டு மட்டுமன்று. தொழிற்சாலையும் இருப்புப்பாதையும் பழைய சிற்றூர் வாழ்வை விழுங்கிக்கொண்டிருந்தன. பீற்றர் ஹென்றி எமர்சன், 1886இல் குடொல் என்னும் ஓவியருடன் சேர்ந்து, நோபொக் நீர்நிலைப் பகுதியின் வாழ்வையும் நிலத்தையும் காட்டும் 40 படங்களைக் கொண்ட நூலொன்றை ஆக்கினார். நாணல் அறுப்போரும் தோணி விடுவோரும் அதிலே காட்சி தருகின்றனர். 1897இல் சேர் பெஞ்சமின் ஸ்ரோன் முன்னின்று, நாட்டின் பழைய கட்டடங்களையும் வழக்கங்களையும் ஒளிப்படமாகத் தொகுக்க ஒரு கழகம் அமைத்தார். மறையப்போவது என்னும் அச்சமே அவர்தம் கண்ணைக் கூர்மையாக்கிற்று எனலாம்.

இனி, இவ்வரலாறு நம் நாட்டைத் தொடும் இடங்களை நோக்குவாம். கல்கத்தாவிற் பிறந்து, 48ஆம் வயதில் முதன்முதலாக ஒளிப்படப் பெட்டியைப் பெற்று, வைற் தீவில் வாழ்ந்து பெரும்புகழ் எய்தியவர் யூலியா மார்கரெற் கமரன் அம்மையார். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவினால் இலங்கை வரலாற்றில் இடம்பெற்ற சாள்ஸ் ஹே கமரன் இவருடைய கணவர். 1875இல் இருவரும் இலங்கையிற் குடியேறினர். களுத்துறையில் இருந்தபொழுது அம்மையார் நம் நாட்டு மக்கள் சிலரைப் படம்பிடித்தார். தோட்டத் தொழிலாளரும் அவருள் இருந்தனர். அவர் இங்கு எடுத்தவற்றுள் இன்று அறியப்படுவன மிகச் சிலவே. 1879 சனவரியில் மலைநாட்டிலே காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். படங்களில் உள்ள ஆங்கிலேயர் பலரின் பெயரை உலகம் அறியும். இங்கு எடுத்த படங்களில் உள்ள உழைப்பாளர் பெரும்பாலும் பெயரற்றவராகவே நிற்கின்றனர்.

அதே 1879இல் சேர் முத்துக்குமாரசுவாமி கொழும்பிற் காலமானார். அவருடைய மைந்தர், 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, ஆங்கிலேயரான அன்னையாரால் இங்கிலாந்திலே வளர்க்கப்பட்டு, கிளொஸ்ரர்ஷயரிலுள்ள விக்கிளிவ் கல்லூரியிற் பயின்றார். நிலவியலும் தாவரவியலும் கற்ற அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராய் இருந்து ஊர்தோறும் சென்றார். கல்லைத் தேடிச் சென்றவர் கலையைக் கண்டார். மனைவியார் ஏதெல் உடன்சென்று, கைவினைஞரின் தொழிலையும் ஆக்கங்களையும் ஒளிப்படமாக்கினார்.

1907இல் இருவரும் மீண்டும் கிளொஸ்ரர்ஷயரிலே, கொற்ஸ்வோல்ட் குன்றுகளின் நடுவிலுள்ள புறோட் கம்டன் என்னும் சிற்றூரிற் குடியேறினர். பழைய நோர்மானியர் காலத்துத் தேவாலயமொன்றை அஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் அவர்களுக்கு வீடாகப் புதுக்கிக் கொடுத்தார். அவ்வஷ்பீயே, 1902இல் இலண்டனிலிருந்து தம் கைவினைக் கழகத்தாரைக் குடும்பங்களோடு அயலூராகிய சிப்பிங் கம்டனுக்கு அழைத்துச் சென்றவர். இங்குதான் குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலே அச்சாகி 1908இல் நிறைவெய்தியது. அச்சிட்டவை 425 படிகளே. ஏதெல் எடுத்த படங்கள் அதனை அணிசெய்தன. ஆங்கில நாட்டின் அழகிய சிற்றூர் ஒன்றில் அமர்ந்திருந்தும், அவர்கள் உலகுக்குக் காட்டியது ஈழத்துச் சிற்றூர்க் கைவினையையே. ஆங்கிலேயர் தம் நாட்டுப்புறத்தை நோக்கிய அன்பையும் கவலையையும், அவர்கள் தம் கருவியோடு சேர்த்து நம் ஊர்களுக்கும் உரியவாக்கினர் என்பதே இதன் சிறப்பு.

இதன் பின்விளைவுகளும் எண்ணத்தக்கன. பிற்காலத்தில் மெரெற் எனப் பெயர்கொண்ட ஏதெல், 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதி, ஆங்கில நாட்டுக் கைத்தறி நெசவின் மறுமலர்ச்சிக்கு முன்னோடியானார். குமாரசுவாமியோ, பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திற் பணியாற்றிய காலத்தில், 1924இல் அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் எடுத்த 27 ஒளிப்படங்களை அவ்வகத்துக்கு நன்கொடையாகப் பெற்றுத் தந்தார். அரும்பொருளகங்கள் ஒளிப்படத்தைக் கலையென ஏற்கத் தயங்கிய நாளில் அதற்கு வாயில் திறந்தவருள் ஒருவர் தமிழ்க் குருதியினர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் மறைந்தது 1947இல். பெரியநீலாவணைக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்து, பழந்தமிழ் யாழை நூலாக்கி உயிர்ப்பித்த விபுலாநந்த அடிகள் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

இவற்றையெல்லாம் எண்ணுங்கால் நம்மவர்க்கு ஒரு வினா எழுகின்றது. ஆங்கில நாட்டுச் சிற்றூரொன்று நூறாண்டுக்கு முன் எவ்வாறு இருந்தது என அறிய விரும்புவோன் படங்களைக் காணலாம். பெரியநீலாவணைக் கடற்கரை 1950இல் எவ்வாறு இருந்தது எனக் கேட்பின், நாம் எதனைக் காட்டுவோம்? 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களிற் புகுந்தபோது உயிரோடும் மனையோடும் பெட்டியிலிருந்த பழம்படங்களையும் கொண்டுசென்றது. மூத்தோர் நினைவிலே எஞ்சியிருப்பதும் அவரோடு மறையும். இவ்வூரிற் பிறந்த கவிஞர் நீலாவணன் 1975இல் மறைந்தார்; ஊரின் பெயரை அவர் தம் பெயரிலே தாங்கி நிலைக்கச் செய்தார். ஊரின் முகத்தை நிலைக்கச் செய்தல் எஞ்சியோர் கடனாகும்.

இன்று ஒளிப்படப் பெட்டி சுமையன்று; கைத்தொலைபேசியில் அடங்கிவிட்டது. எனவே கருவியில்லை என்னும் சாட்டு நமக்கில்லை. மாணவர் தத்தம் ஊரின் வயலையும் வாவியையும், கரைவலை இழுப்போரையும், மருதமுனைத் தறியில் அமர்ந்திருப்போரையும் படம்பிடித்து, நாளும் இடமும் தொழிலும் குறித்து, படத்திலுள்ளார் இசைவோடு அவர்தம் பெயரையும் எழுதி, கல்லூரி நூலகத்திற் சேர்த்து வைப்பாராக. பெயர் எழுதாத படம் ஐம்பதாண்டின் பின் பாதி ஊமையாகும். ஆங்கில இளவேனிலின் அழகை நாம் தூரத்தே நின்று வியக்கலாம். ஆனால் மார்கழியிற் பச்சையும் சித்திரையில் வெண்மையுமாய் மாறும் நம் வயலை நமக்காக வேறு எவரும் வந்து பதித்து வைக்கப்போவதில்லை.