முத்தையா முரளிதரன்

முத்தையா முரளிதரன் (பிறப்பு: 17 ஏப்ரல் 1972, கண்டி) இலங்கைத் துடுப்பாட்ட வீரர், டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய பந்துவீச்சாளர், ஓய்வுபெற்றபின் இந்தியாவிலும் அவுஸ்திரேலிய அணியிலும் சுழற்பந்துப் பயிற்றுவிப்பாளராகப் பணியாற்றியவர்.

அவருடைய பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் நாமக்கல் பகுதியிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கை வந்தவர். தனுஷ்கோடிக்கும் மன்னார்த் தீவின் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல் சேவை தொடங்கியபின், தென்னிந்தியத் தொழிலாளர் பெரும்பாலும் அவ்வழியாகவே வந்து, அங்கிருந்து ரயிலில் மலையகம் சேர்ந்தனர். அதற்கு முந்திய தலைமுறைகள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தன. பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். பாட்டனார் பின்னர் தமிழ்நாடு திரும்பிவிட்டார். மகன் முத்தையா கண்டியிலேயே தங்கி, குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 இனக்கலவரத்தில் அது தீக்கிரையானது. நான்கு ஆண்மக்களில் மூத்தவரான முரளிதரனுக்கு அப்போது ஐந்து வயது.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான் தொடங்கினார். 14ஆம் வயதில் அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பள்ளிப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. ஒரு பயிற்றுவிப்பாளர் சொன்ன யோசனை ஒரு நாட்டின் துடுப்பாட்டத்தையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பின்னர் கொழும்பில் தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடிய அவர், 1992 ஆகஸ்ட் 28 அன்று கெத்தாராமவில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம் கண்டார். 1996இல் உலகக் கிண்ணம் வென்ற இலங்கை அணியிலும் அவர் இருந்தார்.

அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. மணிக்கட்டோ மிகவும் வளைந்து கொடுப்பது. விரலால் சுழற்றும் வலக்கை ஓவ்-ஸ்பின்னை அவர் மணிக்கட்டால் சுழற்றியதால், பந்து வேறு எவரிடமும் காணாத அளவுக்குத் திரும்பியது. அதே கை தொல்லையையும் கொண்டுவந்தது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயர், அவர் முழங்கையை நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று மூன்று ஓவர்களில் ஏழு முறை ‘நோ-போல்’ அறிவித்தார். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் நடந்த பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் பிறகு சர்வதேசத் துடுப்பாட்டச் சபை அவர் பாணியை ஏற்றது. ஆயினும் 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ரொஸ் எமர்சன் மீண்டும் நோ-போல் கொடுக்க, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார். 2004இல், எதிர்த்திசையில் திரும்பும் அவருடைய ‘தூஸ்ரா’ பந்து குறித்து எழுந்த புகாரும் அதைத் தொடர்ந்த ஆய்வும், 2005இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை முழங்கை நிமிர இடம் கொடுத்த விதிக்கு வழிவகுத்தன. முரளிதரனுக்காக விதி வளைக்கப்பட்டது என்ற பேச்சு சரியன்று. குற்றம் சாட்டப்படாத வேகப்பந்து வீச்சாளர் பலரின் கையும் பழைய வரம்பைத் தாண்டுவதை அளவீடுகளே காட்டின.

1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் 16 விக்கெட்டுகளை 220 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். 2007 டிசம்பர் 3 அன்று கண்டி அஸ்கிரியவில் ஷேன் வோர்னின் 708 டெஸ்ட் விக்கெட் சாதனையைக் கடந்தார். 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுடன் ஆடியதே கடைசி டெஸ்ட். 800ஐத் தொட எட்டு விக்கெட் வேண்டியிருந்தது. பிரக்யான் ஓஜாவை மஹேல ஜயவர்தன ஸ்லிப்பில் பிடித்தபோது அந்த எட்டாவதும் கிடைத்தது. முரளிதரனின் பந்தில் டெஸ்ட்களில் மஹேல பிடித்த பிடிகள் 77. 133 டெஸ்ட்களில் சராசரி 22.72, ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட்டுகள். 2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்துடன் சர்வதேசக் களத்தை விட்டு விலகினார். ஐபிஎல்லில் சென்னை, கொச்சி, பெங்களூர் அணிகளுக்கு 2014 வரை ஆடினார்.

பயிற்றுவிப்பாளராக அவர் எதிர்கொண்ட சிக்கல் தனித்தன்மை வாய்ந்தது: தம் பாணியை இன்னொருவருக்குக் கற்பிக்க இயலாது, அந்தக் கை வேறு யாருக்கும் இல்லை. கற்பிக்கக்கூடியவை பந்தை ஒரே இடத்தில் விழச்செய்யும் கட்டுப்பாடு, வேக மாற்றம், களத்தடுப்பு வியூகம், துடுப்பாட்டக்காரரின் மனத்தைப் படித்தல் ஆகியவை. 2014இல் இந்தியாவின் வங்காளத் துடுப்பாட்டச் சங்கத்தின் இளம் வீரர் திட்டத்திலும், ஐக்கிய அரபு அமீரகத்தில் பாகிஸ்தானைச் சந்திக்கவிருந்த அவுஸ்திரேலிய அணியிலும் சுழற்பந்து ஆலோசகரானார். 2016இல் அதே அவுஸ்திரேலிய அணியுடன் இலங்கைக்கு வந்தபோது கசப்பு எழுந்தது. இலங்கைத் துடுப்பாட்ட நிர்வாகிகள் வெளிப்படையாகவே கடிந்துகொண்டனர். தொடரை 3–0 என வென்றது இலங்கை. அதில் 28 விக்கெட்டுகள் எடுத்தவர், முரளிதரன் சென்றபின் அவர் இடத்தைத் தாங்கிய ரங்கன ஹேரத்.

2015 முதல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியின் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். 2016இல் அவ்வணி ஐபிஎல் கிண்ணத்தை வென்றது. பின்னர் அதே அணியில் வியூக வகுப்பும் சுழற்பந்துப் பயிற்சியும் அவர் பொறுப்பாயின. அரவிந்த டி சில்வா தலைமையில் 2021இல் அமைந்த இலங்கைத் துடுப்பாட்டத் தொழில்நுட்பக் குழுவிலும் இடம்பெற்றார்.

2016இல் சர்வதேசத் துடுப்பாட்டச் சபையின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்ட முதல் இலங்கையர் அவரே. அவர் பெயரிலான நல்லிணக்கக் கிண்ணப் போட்டிகள் 2012 முதல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் ஆகிய இடங்களில் நடத்தப்பட்டன. தெற்கின் பள்ளி அணிகள் உள்நாட்டுப் போரால் சிதைந்திருந்த வடக்கு மைதானங்களுக்கு வந்து ஆடின.