செராமிக் கோட்டிங் '5 வருஷம்' தாங்குமா? கார் பெயிண்டில் உண்மையில் எத்தனை நாள் நிற்கும்?

ராஜபாளையத்தில் இருந்து அய்யனார் கோவிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போய் வந்தால் போதும். கார் பெயிண்டுக்கு என்னென்ன எதிரிகள் உண்டோ, அத்தனையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டிப் போகும் வழியில் மண் தூசி. அடிவாரத்தில் வெயிலுக்கு ஒதுங்கி மரத்தடியில் நிறுத்தினால் மரப்பிசினும் பறவை எச்சமும். புது வண்டி என்றால் பூஜை போட்டு பானெட்டில் சந்தனம், குங்குமம். இருட்டியபின் திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையில் திரும்பினால் பம்பர் முழுக்கப் பூச்சி. மறுநாள் காலையில் போர் தண்ணீரில் ஒரு வாட்டர் வாஷ், அதுவும் உச்சி வெயிலில் காயவிட்டு!

'இதெல்லாம் ஒட்டவே ஒட்டாது சார், செராமிக் கோட்டிங் போட்டுட்டா 5 வருஷத்துக்குக் கவலையே இல்லை' என்றுதான் கடையில் சொல்கிறார்கள். சில ஆயிரங்களில் தொடங்கி ஐம்பதாயிரத்தைத் தாண்டியும் பில் வருகிறது. அந்த 5 வருஷம் உண்மைதானா?

நேரடியாகச் சொன்னால், நம் ஊர் வெயிலில் வெட்ட வெளியில் நின்று, தெருமுனை வாட்டர் வாஷ் கடையில் தேய்க்கப்படும் காருக்கு ஒன்று முதல் ஒன்றரை வருஷம். ஷெட்டில் நின்று, பக்குவமாகக் கையால் கழுவப்படும் காருக்கு 2 முதல் 3 வருஷம். நாமே வாங்கிப் பூசிக்கொள்ளும் சின்ன பாட்டில் வகை என்றால் 6 மாதத்தில் இருந்து ஒரு வருஷம். இந்த அளவுக்குக் கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. 7, 10 என்று அட்டையில் போட்டிருப்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருவோம்.

பூசுவது என்ன?

காரின் பெயிண்ட் ஒரே அடுக்கு அல்ல. தகட்டின் மேல் துரு தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் அடுக்கு, கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 130 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சராசரியாக 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த கிளியர் கோட்டின் மேல்தான் செராமிக் கோட்டிங் உட்காருகிறது. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம் இது. காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி, பெயிண்டோடு ரசாயனப் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்கிறது. மெழுகு மாதிரி மேலே படிந்து சில வாரங்களில் கரைந்து போவதில்லை என்பதுதான் இதன் பலம். ஆனால் தடிமன்? பெரும்பாலும் ஒரு மைக்ரான், மிஞ்சினால் இரண்டு. 'மூணு லேயர் போடுறோம்' என்றால் ஆயுள் மூணு மடங்கு ஆகிவிடாது.

தண்ணீர் உருண்டு ஓடுவதற்குக் காரணம் இதன் மேற்பரப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாததுதான். தாமரை இலைத் தண்ணீர் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். தாமரை இலையில் நுண்ணிய மேடு பள்ளங்களும் மெழுகும் சேர்ந்து நீர்த்துளியைக் கிட்டத்தட்ட முழு உருண்டையாகவே நிறுத்தும். கோட்டிங் அந்த அளவுக்குப் போகாது. துளி குவிந்து நிற்கும், சரிவு இருந்தால் ஓடும்.

'9எச்' என்றால் கீறலே விழாதா?

கடைக்காரர்கள் அதிகம் சொல்வதும், வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவதும் இந்த ஒரு வார்த்தையில்தான். 9எச் என்பது பென்சில் சோதனையின் அளவு. படம் வரைகிற பென்சில்களில் கடினமானது 9எச். அதைக் குறிப்பிட்ட கோணத்தில் அழுத்தி இழுத்தால் பூச்சில் கீறல் விழவில்லை என்றுதான் அர்த்தம். வைரம், கல் ஆகியவற்றை அளக்கும் மோஸ் கடினத்தன்மைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

சாலை மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் மோஸ் அளவில் 7. பென்சில் கரியை விடப் பல மடங்கு கடினம். தூசி படிந்த பானெட்டைக் காய்ந்த துணியால் ஒரு தட்டு தட்டித் துடைக்கிறோமே, அப்போது அந்த மண்தான் உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. ஒரு மைக்ரான் பூச்சு அதை எப்படித் தடுக்கும்? கல் தெறிப்பு, சாவிக் கீறல் போன்றவற்றில் இருந்து பாதுகாப்பு வேண்டும் என்றால் அது பிபிஎஃப் என்கிற ஒட்டும் படலத்தின் வேலை. அது 150 முதல் 200 மைக்ரான் தடிமன், விலையும் அதற்கேற்ப எகிறும்.

சீக்கிரம் தேய்வது எதனால்?

முதல் காரணம் வெயில் என்றுதான் நினைப்போம். வெயிலும் ஒரு காரணம்தான். ஆனால் நம்ம ஊர் கார்களில் பெரும் சேதம் செய்வது தண்ணீர்.

போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. வண்டி கழுவும் தண்ணீரை யாரும் அளந்து பார்ப்பதில்லை. கோட்டிங் போட்ட காரில் இந்தத் தண்ணீர் குவிந்த துளிகளாக நிற்கும். அப்படியே வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப் போகும். அதாவது எந்தக் குணத்துக்காகக் காசு கொடுத்தோமோ, அதே குணம்தான் கறையை எடுப்பாகக் காட்டுகிறது! அந்த உப்பு படியப் படிய, பூச்சு அடியில் உயிரோடு இருந்தாலும் மேலே தண்ணீர் உருளாது.

அடுத்தது வாட்டர் வாஷ் கடை. காரத்தன்மை அதிகமான மலிவு நுரையும், முந்தைய பத்து வண்டிகளைத் துடைத்த அதே துணியும் பூச்சை வேகமாகத் தின்றுவிடும்.

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. சித்திரை வெயிலில் சூடேறிய பெயிண்டில் சில மணி நேரத்திலேயே தடம் பதித்துவிடும். கோட்டிங் இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விட்டால் பூச்சையும் தாண்டி கிளியர் கோட்டில் இறங்கும். ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்ட வேண்டாம்.

கோட்டிங் போட்ட முதல் ஒரு வாரம் இன்னும் முக்கியம். முதல் 24 மணி நேரம் தண்ணீரே படக்கூடாது, முழுதாக இறுகும்வரை சுமார் ஒரு வாரம் ஷாம்பு கூடாது. அந்த வாரத்தில் பூஜைக்கு எடுத்துப் போனால் சந்தனம், குங்குமத்தைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்துக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. 'அய்யனார் துணை' ஸ்டிக்கரைப் பெயிண்டில் ஒட்டுவதாக இருந்தால் கோட்டிங்குக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். பிறகு ஒட்டினால் சரியாகப் பிடிக்காது.

அப்போ 5 வருஷ வாரண்டி பொய்யா?

பொய் என்று சொல்லிவிட முடியாது. பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பல வாரண்டி அட்டைகளில் 6 மாதத்துக்கு ஒருமுறை அதே கடையில் பணம் கட்டிப் பராமரிப்பு செய்ய வேண்டும் என்று இருக்கும். ஒரு தவணை தவறினால் வாரண்டி போச்சு. தண்ணீர்க் கறை, பறவை எச்சம், கீறல் ஆகியவை சேராது என்றும் இருக்கும். சேர்வது பின்னே என்ன என்று கேட்கத் தோன்றும்! அந்தப் பராமரிப்பில் பெரும்பாலும் மேலே ஒரு புதுப் பூச்சு அடிக்கிறார்கள். ஆக 5 வருஷம் தாங்குவது முதல் நாள் போட்ட கோட்டிங் அல்ல, நீங்கள் திரும்பத் திரும்பக் கட்டும் பணம்.

ஒவ்வொரு முறையும் 'பாலிஷ் போட்டுட்டு மறுபடி கோட்டிங்' என்றால் கொஞ்சம் யோசியுங்கள். பாலிஷ் என்பது கிளியர் கோட்டைச் சில மைக்ரான் சீவி எடுப்பதுதான். 40 மைக்ரானில் எத்தனை தடவை சீவ முடியும்?

தீர்ந்துவிட்டதா, தெரிந்துகொள்வது எப்படி?

தண்ணீர் உருளவில்லை என்றதும் பூச்சு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் நல்ல கார் ஷாம்புவில் நிழலில் கழுவுங்கள். பிறகு உப்புக் கறை நீக்கும் திரவம், இரும்புத் துகள் நீக்கும் திரவம் இரண்டையும் பயன்படுத்திச் சுத்தம் செய்யுங்கள். அதன்பின் ஒரு குவளை தண்ணீரை பானெட்டிலும் கதவிலும் ஊற்றிப் பாருங்கள். துளிகள் மீண்டும் குவிந்து ஓடினால் பூச்சு இருக்கிறது, அழுக்கு அடைத்திருந்தது, அவ்வளவே. பானெட்டில் தட்டையாகப் பரவி, கதவில் மட்டும் உருண்டால் வெயில் படும் பக்கம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பானெட்டும் கூரையும்தான் எப்போதும் முதலில் போகும்.

இதில் ஒரு சின்னத் தந்திரமும் உண்டு. சர்வீஸ் விட்டு வந்த வண்டியில் மெழுகு கலந்த ஷாம்பு போட்டிருந்தால் கோட்டிங்கே இல்லாத காரிலும் சில வாரம் தண்ணீர் உருளும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கருப்பு, அடர் நீலக் கார் வைத்திருப்பவர்கள், வண்டியைத் தாங்களே கழுவுகிறவர்கள் இதற்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. கழுவுவது சுலபமாகும், பளபளப்பும் நிற்கும். கடையில் கொடுத்தே கழுவுவோம் என்பவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை பாலிமர் சீலண்ட் போட்டுக்கொண்டாலே போதும். கிளியர் கோட் உரிந்துபோன பழைய வண்டிக்கு எந்தக் கோட்டிங்கும் உதவாது.

பணம் கட்டியும் சில மாதத்தில் போய்விட்டது, கடைக்காரர் கையை விரிக்கிறார் என்றால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க, பிரச்சனை எழுந்த நாளில் இருந்து 2 வருஷம் அவகாசம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பதால் ராஜபாளையத்துக்காரர்களுக்கு அலைச்சலும் குறைவு. பில்லில் 'கோட்டிங்' என்று மட்டும் எழுதாமல், பொருளின் பெயர், எத்தனை மாத வாரண்டி, எதற்கெல்லாம் பொருந்தும் என்பதை வண்டியை விடும் அன்றே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.