கீழ்வேளூருக்கு வந்த எஃகும் சாணையும்: காவிரிக் கழிமுகத்துச் சவரக்கத்தியின் வரலாறு

கீழ்வேளூர் வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் வண்டலும் களிமண்ணும்தான். இரும்புத் தாது இல்லை. கத்தி தீட்டக் கல்லும் இல்லை. ஆனாலும் கத்தி இல்லாத ஊர் இருந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீங்கிய நிலங்களுள் கம்மாணச்சேரியும் ஒன்று. கோயில் பணியாளர் பட்டியலில் நாவிதருக்கும் பங்கு உண்டு. கருவி செய்பவரும் பிடிப்பவரும் இங்கேயே இருந்தார்கள். எஃகும் கல்லும் மட்டும் மேற்கிலிருந்து வர வேண்டியிருந்தது.

கொங்கு நாட்டில் கொடுமணல் அகழாய்வு இரும்பு உருக்கிய உலைகளைக் காட்டியது. 19ஆம் நூற்றாண்டிலும் சேலம் பக்கத்தில் எஃகு எப்படி ஆனது என்பதை ஆங்கிலேயரான ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதிவைத்தார். உமி கலந்த களிமண் மூசையில் இரும்புத் துண்டு, காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை. வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதி இரண்டரை மணி நேரம் காய்ச்சுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி. அதில் கரி நூற்றுக்கு 1 முதல் 2 வரை இருக்கும். ஜப்பானியர் இரும்பு மணலிலிருந்து எடுக்கும் தமஹகானே எஃகிலும் ஏறக்குறைய இதே அளவுதான். சவர முனைக்கு வேண்டிய கடினம் இந்த அளவில் கிடைக்கும்.

கல்லின் கதை வேறு. ஜப்பானின் கியோட்டோ மலைகளில் நுண்ணிய படிவுப் பாறையை வெட்டியெடுத்து அப்படியே தீட்டுகல்லாக்கினார்கள். நம்மிடம் சேலம், தருமபுரிப் பக்கத்துக் குருந்தம் இருந்தது. வைரத்துக்கு அடுத்த கடினம். அதைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். சவரத்துக்கு அது முரடு. சக்கரத்தில் வடிவம் பிடித்த கத்தியை நாவிதர் வழவழப்பான கல்லில் நீர் தெளித்துத் தீட்டி, தோல்வாரில் இழுத்து, உள்ளங்கையில் இரண்டு தடவை தடவி முடிப்பார். கல்லும் வாரும் அவருடைய கருவிப் பையான அடைப்பத்திலேயே இருக்கும். உடம்பில் வரும் கட்டியைக் கீறுவதும் அதே கத்திதான்; கூலியோ அறுவடைக் களத்து நெல்.

இரண்டில் முதலில் கைவிட்டுப் போனது எஃகு. 1795இல் ஆங்கில மருத்துவர் ஜார்ஜ் பியர்சன் இந்திய உருக்கைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் ஆய்வுரை அளித்தார். கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் ஐரோப்பிய எஃகைவிட அதுவே மேல் என்று விளம்பரம் செய்து சவரக்கத்தி விற்றார். அவரோடு சேர்ந்து விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே எஃகுக் கலவைகளை ஆராய்ந்து, அவற்றில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசளித்தார். ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். 1839இல் எஃகு வார்ப்பில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு எஃகு முதலாளிகள் வேறு வழியில் மாங்கனீசு சேர்த்து அந்தக் காப்புரிமையைத் தட்டிக்கழித்தார்கள். வழக்குகளில் நொந்து ஹீத் 1851இல் இறந்தார். ஆவாரங்குச்சி உலைக்காரருக்கு வழக்காடக்கூட வழியில்லை. கடைசியில் ஷெஃபீல்டு கத்திகளும் ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகளும் நம்மூர்ச் சந்தைக்கு வந்தன.

கல் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. கத்தி எந்த நாட்டுடையதானாலும் மழுங்கினால் தீட்டியாக வேண்டுமே! கல்லுக்கு உலை வைத்தது பிளேடுதான். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, ஆளுக்கொரு அரைப் பிளேடு மாற்றும் பழக்கம் சலூன்களில் பரவியது. தீட்டுகிற திறமைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் தெருவில் இன்றும் சாணை பிடிக்கிறார்கள். ஆனால் சக்கரத்தில் இருப்பது அரக்கும் குருந்தமும் அல்ல, பெரும்பாலும் ஆலையில் செய்த செயற்கைக் கார்போரண்டம்.