கரக்: குன்றின் மேலிட்ட கோட்டை நகர்

சாக்கடலுக்குக் கிழக்கே, இன்றைய ஜோர்தான் நாட்டில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கரக் நகரம். சுற்றிலும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகள். டமாஸ்கஸிலிருந்து எகிப்துக்கும் ஹிஜாஸுக்கும் செல்லும் வணிகப் பாதைகளை நோக்கி நின்றமையே இவ்வூரின் சிறப்புக்கும் துயருக்கும் காரணமாயிற்று.

பண்டை நாளில் இது மோவாபியரின் அரணாக விளங்கியது. மாதபா நகரத் தேவாலயத் தரையில் 6-ஆம் நூற்றாண்டில் பதிக்கப்பட்ட நிலப்படத்திலும் மதில் சூழ்ந்த ஊராக இதனைக் காண்கிறோம். இதற்குத் தெற்கே, அண்மையிலேயே உள்ளது மூத்தா. ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 629) அங்கு நிகழ்ந்த போரில் ஸைத் (ரலி), ஜஃபர் (ரலி), அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஆகிய தளபதியர் மூவரும் அடுத்தடுத்து ஷஹீதாயினர்.

இன்று நாம் காணும் கோட்டையை 1142-இல் எழுப்பத் தொடங்கியோர் சிலுவைப் போராளிகள். பின்னர் அதன் அதிபதியான ரெய்னால்ட், ஒப்பந்தங்களைப் பொருட்படுத்தாது வணிகக் கூட்டங்களைக் கொள்ளையிட்டான். 1182-83-இல் செங்கடலில் கப்பல்களை இறக்கி ஹிஜாஸ் கரையையே கலங்கச் செய்தான். சுல்தான் ஸலாஹுத்தீன் 1183-லும் 1184-லும் கோட்டையை முற்றுகையிட்டார். முதல் முற்றுகையின்போது உள்ளே திருமணம் ஒன்று நடைபெற்றது. மணமக்கள் தங்கிய கோபுரத்தின் மீது கல்லெறிய வேண்டாமெனச் சுல்தான் ஆணையிட்டதாகக் கிறிஸ்தவ வரலாற்றாசிரியரே எழுதிவைத்துள்ளனர். பகைவனின் ஏடு தரும் சான்றிதழினும் பெரிது வேறுண்டோ?

கவண்பொறிகளுக்கு அசையாத அம்மதில் இறுதியில் பசிக்குப் பணிந்தது. 1187-இல் ஹித்தீன் போருக்குப் பின் ரெய்னால்ட் கொல்லப்பட்டான். நெடிய முற்றுகையால் உணவற்றுப் போன கோட்டை 1188-இல் சரணடைந்தது.

1263-இல் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் இதனைக் கைப்பற்றினார். 1309-இல் அரியணை துறந்து இங்கு வந்து தங்கிய அந்-நாஸிர் முஹம்மத், மறு ஆண்டே கெய்ரோ திரும்பி மீண்டும் அரசரானார். 1840-இல் எகிப்தின் இப்ராஹீம் பாஷா அரண்களின் பெரும்பகுதியைத் தகர்த்தார். 1893-இல் உதுமானியர் நேரடி ஆட்சியை நிறுவினர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டாயப் படைச்சேர்ப்பின் முன்னோடியே என அஞ்சிய மக்கள் 1910-இல் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது.

இவ்வாறு அதிபதிகள் பலர் வந்தனர், சென்றனர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாக அண்டை வீட்டாராய் வாழும் ஊர் மட்டும் குன்றின்மேல் நிற்கிறது. கல்லால் எழுப்பிய அரண் ஒருவனுடைய கொடுமைக்கு எத்தனை நாள் துணை நிற்கும் என்பதை அறிய விரும்புவோர், கரக்கின் வரலாற்றைப் படித்தாலே போதும்.