பரங்கிமலை: அளந்தவனும் பெயரிட்டவனும்

மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தும் பரங்கிமலை மீது ஏறியதில்லை என்பதை யாரிடமும் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுக்குமாடிகள் எழும்புவதற்கு முன்னால் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தென்மேற்கில் ஒரு மேடு தெரியும். தாத்தா அதைப் ‘பிருங்கி மலை’ என்பார். பிருங்கி முனிவர் தவம் செய்த இடம் என்று ஆதம்பாக்கம் நந்தீஸ்வரர் கோயில் தலபுராணம் சொல்வது அவருக்குப் போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னது வேறு: பரங்கியர்கள் மலை, ஆகவே பரங்கிமலை. இரண்டு பெயர்களுக்கும் நடுவில் நான் மலையைப் பார்க்காமலே இருந்துவிட்டேன். போன மாதம், முழங்கால் இன்னும் ஒத்துழைக்கும்போதே, ஏறிவிடுவது என்று கிளம்பினேன்.

ஊட்டி, கொடைக்கானல் என்று மலையூர்களைத் தேடிப் போகிறவர்கள் இதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முந்நூறு அடி உயரம்தான். ஆனால் அடிவாரத்தில் இருப்பது ஒரு மலையூரேதான். 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை இங்கே வந்து நின்றதும் கோட்டையிலிருந்த கும்பெனியார் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. ஐந்து வருஷம் கழித்து, 1774-ல், இங்கே கன்டோன்மென்ட் ஏற்பட்டது. அகலமான தெருக்கள், காம்பவுண்டுக்குள் ஒதுங்கிய பழைய பங்களாக்கள், ராணுவ வாசல்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது சென்னையின் இரைச்சல் ஒரு திருப்பத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது.

படிகளைக் கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். பாரசீகத்து ஜுல்பாவைப் பூர்விகமாகக் கொண்ட ஆர்மீனிய வியாபாரி. 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் போட்டவரும் அவரே. யாத்ரீகர்கள் ஆற்றைத் தாண்டி மலைக்கு வர வேண்டும் என்பது நோக்கம். அந்தப் பாலத்துக்கு மர்மலாங் பாலம் என்று பெயர் வழங்கிற்று; மாம்பலம் என்பது வெள்ளைக்காரர் வாயில் பட்ட பாடு. இன்று அதே இடத்தில் இருக்கும் பாலத்துக்கு மறைமலையடிகள் பெயர். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டவர் அவர். பரங்கிமலைக்குப் போகும் வழியில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு மலையைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

படிகள் எத்தனை என்பதில் புத்தகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. எண்ணிக்கொண்டே ஏறினேன். நூறைத் தாண்டியதும் மூச்சு வாங்கிற்று, கணக்கு தவறிவிட்டது.

உச்சியில் போர்த்துகீசியர் 1523-ல் எழுப்பிய மாதா கோயில். புனித தோமையார் கொல்லப்பட்டது இந்த மலையில், அடக்கமானது மயிலாப்பூர்ச் சாந்தோமில் என்பது மரபு. 1547-ல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி ஓடும் எழுத்துகள் பாரசீகத்துப் பஹ்லவி. அறிஞர்கள் ஆளுக்கு ஒரு விதமாக வாசித்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பரங்கியர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவர்கள் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே செதுக்கப்பட்ட சிலுவை அது. உஸ்கானும் பரங்கி அல்ல. பெயர் மலையின் ஒரு அடுக்கை மட்டுமே தொடுகிறது.

கோயிலுக்கு வெளியே வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை. 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையடிச் சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் தூரத்தை அளக்க ஆரம்பித்தார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதை மரத் தொட்டிகளில் கிடத்தி, முக்காலிகள் மேல் நிறுத்தி, வெயில் பட்டு நீண்டுவிடாமல் கூடாரம் பிடித்து, தெர்மாமீட்டர் பார்த்து, சுமார் நானூறு முறை எடுத்து வைத்தார்கள். சென்னையின் சித்திரை, வைகாசி வெயிலில். எடுத்து வைத்த கைகள் நம் ஊர்க் கைகள். சிலையில் அவர்கள் பெயர் இல்லை.

இந்த ஒரு கோட்டின் மேல்தான் முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதும் பின்னப்பட்டது. 1823-ல் லாம்டன் ஹிங்கன்காட்டில் இறந்த பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அதை இமயம் வரை கொண்டு போனார். அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில், ராதாநாத் சிக்தார் போட்ட கணக்குகளின் துணையோடு, ஒரு சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-ல் அறிவிக்கப்பட்டது. 1865-ல் அதற்கு எவரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். இந்த ஊர்க்காரர்களால் என் பெயரை உச்சரிக்க முடியாது என்று எவரெஸ்டே ஆட்சேபித்தும் பயனில்லை. திபெத்தியர்கள் அதைச் சோமோலுங்மா என்று அழைத்துக்கொண்டிருந்ததும் கணக்கில் வரவில்லை.

அங்கே அளந்தவர்கள் பெயர் சூட்டினார்கள். இங்கே நடந்தது நேர்மாறானது. வந்து இறங்கியவனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் சூட்டிய பெயர் பரங்கிமலை. அரபியும் பாரசீகமும் ஐரோப்பியனைக் குறித்த ஃபிரங்கி என்ற சொல்லை நாம் வாங்கி, புதிதாக வந்ததன் மேலெல்லாம் ஒட்டினோம். காய்க்குப் பரங்கிக்காய். வியாதிக்குப் பரங்கிப்புண். அந்த வியாதிக்குச் சித்த வைத்தியன் கொடுத்த மருந்துக்குப் பரங்கிப்பட்டை. இதில் பகையும் இல்லை, பணிவும் இல்லை. சரித்திரம் எழுதாத ஜனங்கள் என்று நம்மைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. நாம் எழுதவில்லை, அழைத்தோம். அந்த அழைப்பில் தேதி இல்லை. ஆனால் யார் வந்தார்கள், எப்படி வந்தார்கள், எதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பது இருக்கிறது.

அப்படியானால் தாத்தாவின் பிருங்கி? சொல்லாராய்ச்சியில் அது நிற்குமென்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் அதை வெறும் பிழை என்று தள்ள மனம் வரவில்லை. அந்நியன் பெயரைத் தாங்கிய மலையைத் தன் புராணத்துக்குள் இழுத்துக்கொள்ளும் முயற்சியும் ஒருவகை அளத்தல்தான். ஆபத்து, ஒரு பெயரைக் காட்டி மற்றதை அழிக்கக் கிளம்பும்போது ஆரம்பிக்கிறது. மலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. தாத்தா இந்தப் படிகளில் கால் வைத்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்காக அவர் மேல் இன்று எனக்குக் கோபம் இல்லை, சிறிது வருத்தம் மட்டுமே.

உச்சியிலிருந்து பார்த்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குகின்றன. வடகிழக்கில் மயிலாப்பூர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டடங்களும் புழுதியும். எங்கள் மொட்டை மாடியைத் தேடினேன். அங்கிருந்து மலை தெரியாமல் போனது போலவே இங்கிருந்து அதுவும் தெரியவில்லை. இறங்கும்போது மறுபடியும் படிகளை எண்ணத் தொடங்கினேன். பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், “இன்னும் எத்தனை படி இருக்கு சார்?” என்று கேட்டார். “கொஞ்சம்தான் அம்மா” என்றேன். அதற்குள் கணக்கு விட்டுப்போயிற்று.