அசையாத நாற்காலி

மக்கள் வேண்டாமென்றால் ஆள்வோர் இறங்கியாக வேண்டும்; இது மக்களாட்சியின் இலக்கணம். ஆனால், அப்படிச் சொல்ல மக்களை இணங்க வைப்பது எளிதா? பழமைப் பிடிப்பு மிகுந்த அமெரிக்க மாநிலமாம் தென் கரோலினாவைப் பார்ப்போம், தோழர்களே! அங்கே செனட் சபை உறுப்பினராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு வீற்றிருந்தார் ஸ்ட்ராம் தர்மண்ட்.

நிறவெறியே அவர் ஏறிய ஏணி. வெள்ளையர் வேறு, கருப்பர் வேறு என்னும் கொள்கைக்காக 1948-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று 4 மாநிலங்களை வென்றார். 1954-இல் கட்சித் தலைமை வேறொருவரை நிறுத்தியது. வாக்குச்சீட்டில் அச்சாகாத தம் பெயரை வாக்காளர்களே எழுதிப்போடச் செய்து செனட் சபை புகுந்தார். 1957-இல், கருப்பின மக்களின் உரிமை மசோதாவைத் தடுக்க 24 மணி 18 நிமிடம் ஓயாது பேசினார், மசோதாவோ நிறைவேறியது!

அவரை வீழ்த்த முயன்றாரில்லையா? முயன்றனர். 1978-இல் சார்லஸ் ரேவனல் எதிர்த்தார், தோற்றார். 1996-இல் எலியட் குளோஸ் எதிர்த்தார். 93 வயது முதியவரே நூற்றுக்கு 53 வாக்குப் பெற்று வென்றார்.

காரணம் என்ன? நெடுநாள் இருந்தவருக்கே செனட் குழுக்களின் தலைமை. தலைமை உடையவருக்கே செல்வாக்கு. செல்வாக்குடையவரை இழக்க மாநிலத்துக்கு மனமில்லை. இருந்ததே மேலும் இருப்பதற்குத் தகுதியாயிற்று! ஓய்வூதியம் வரவில்லை என்று எழுதியவருக்கும் அவர் அலுவலகம் உதவியது. போதாக்குறைக்கு, 1964-இல் அவர் ஜனநாயகக் கட்சியை விட்டுக் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். வெள்ளை வாக்காளர் பலரும் மெல்ல மெல்ல அப்பக்கமே சாய்ந்தனர். எதிர்த்து நின்றோரின் காலடி மண் கரைந்தது.

எனில், போராடியோர் உழைப்பெல்லாம் வீணா? இல்லை! 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. கருப்பின மக்கள் பெருந்திரளாய் வாக்காளர் பட்டியலில் இடம் பெற்றனர். 1971-இல் தர்மண்ட் தம் அலுவலகத்தில் கருப்பினத்தவர் ஒருவரைப் பணியில் அமர்த்தினார். 1965-இல் தாம் எதிர்த்த சட்டத்தின் நீட்டிப்புக்கு 1982-இல் வாக்களித்தார். மறு ஆண்டு, மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்கவும் வாக்களித்தார். மனம் மாறினாரா? அதை அவரே அறிவார். வாக்காளர் பட்டியல் மாறியதை மட்டும் நாடறியும்.

2003-இல், 100 வயதில், தோல்வி காணாமலே அவர் விலகினார். ஆள் வீழவில்லை, அவர் ஏறி வந்த ஏணி முறிந்தது. தேர்தல் தோல்வி கண்டு துவளும் இளைஞர்களே, எண்ணிப் பாருங்கள்! நாற்காலியை அசைக்க இயலாத நாளிலும், உரிமையற்றோர் கையில் வாக்குச்சீட்டைச் சேர்க்க நம்மால் இயலும். அதைச் செய்துவிட்டால், அமர்ந்திருப்பவர் யாராயினும் அவரை வளைக்கும் வலிமை மக்களிடம் வந்துசேரும்.