விசிறியின் ஓசையும் அறையின் வெப்பமும்: கணினி வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

கணினிக்கு விசிறி வாங்க முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு எண்களையே ஒப்பிடுகின்றனர்: தடிமன் எத்தனை மில்லிமீட்டர், ஓசை எத்தனை டெசிபல். இரண்டும் குறைவாக இருக்க வேண்டும் என்பது இயல்பான விருப்பமே. ஆயினும் இவ்விரண்டும் எளிதில் ஒத்துப்போவதில்லை என்பதைக் கணினியின் வரலாறு மீண்டும் மீண்டும் உணர்த்துகிறது.

1946இல் பிலடெல்பியாவில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது உண்ட மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அம்மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்பட்டது. அதனை வெளியேற்றப் பெரிய ஊதுவிசிறிகள் தேவைப்பட்டன. அவற்றின் இரைச்சல் எவரையும் பெரிதாக உறுத்தவில்லை. ஏனெனில் இயந்திரத்திற்கென்றே தனி அறை இருந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் நிலை இதுவே. ஆய்வாளர்கள் புழுக்கத்தில் இருக்க, கணினி குளிரூட்டப்பட்ட அறையில் இருந்தது. காலணிகளைக் கழற்றிவிட்டுக் கணினி அறைக்குள் நுழைந்த தலைமுறை இன்றும் நம்மிடையே உண்டு. அன்று அந்த அறையே இயந்திரத்தின் ஓர் உறுப்பாக இருந்தது.

கணினி மேசைக்கு வந்தபோதுதான் ஓசை ஒரு சிக்கலாயிற்று. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறியின் இரைச்சல் பிடிக்காது. 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 விசிறியின்றி இயங்கியது. ராட் ஹோல்ட் வடிவமைத்த, குறைந்த வெப்பம் வெளியிடும் மின்வழங்கி அதனைச் சாத்தியமாக்கியது. 1980இல் வந்த ஆப்பிள் 3க்கும் விசிறி மறுக்கப்பட்டது. அதன் கனத்த அலுமினிய உடலே வெப்பத்தைக் கடத்திவிடும் என்று நம்பினர். அந்தக் கணினி அடிக்கடி பழுதடைந்து பெயர் கெட்டது. பழுதுக்குக் கூறப்படும் காரணங்களுள் வெப்பம் முதன்மையானது. 1984இன் மேக்கின்டாஷிலும் விசிறி இல்லை. ஜாப்ஸ் 1985இல் வெளியேறிய பின்னர், 1987இல் வந்த மேக்கின்டாஷ் எஸ்இயில் விசிறி இடம்பெற்றது. ஐபிஎம் நிறுவனமோ 1981இலேயே தன் கணினியின் மின்வழங்கிக்குள் விசிறியைப் பொருத்தி, ஓசையை ஏற்றுக்கொண்டிருந்தது.

அக்கணினியின் 8088 செயலிக்கு வெப்பம் கடத்தும் தகடுகூடத் தேவைப்படவில்லை. 1993இன் பென்டியம் 10 வாட்டைக் கடந்தது. 2004இன் பென்டியம் 4 வகைகளுள் சில 100 வாட்டைக் கடந்தன. அதே ஆண்டில் இன்டெல் தனது அடுத்த வடிவமைப்பான தேஜஸைக் கைவிட்டு, இரட்டைக் கருச் செயலிகளின் பக்கம் திரும்பியது. அத்திருப்பத்திற்கு மின்நுகர்வும் வெப்பமும் முக்கியக் காரணங்கள்.

இடைப்பட்ட காலத்தில் விசிறிகள் பெரிதாயின. சுழல்வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டம் பாதியாகும்; ஓசையோ சுமார் 15 டெசிபல் குறையும். எனவே அகன்ற விசிறியை மெல்லச் சுழற்றுவதே அமைதிக்கான வழியாயிற்று. மெல்லிய விசிறி இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. வழக்கமான 25 மில்லிமீட்டர் தடிமனை 15 ஆகக் குறைத்தால் இறக்கைகளின் ஆழமும் குறைகிறது. அதே காற்றைத் தள்ள விரைந்து சுழல வேண்டியிருக்கிறது. 2012இல் ஆப்பிள் தன் மடிக்கணினி விசிறியின் இறக்கைகளைச் சமமற்ற இடைவெளிகளில் அமைத்தது. ஓசை ஒரே சுருதியில் குவியாமல் பரவி, காதை உறுத்துவது குறைந்தது. 2020இல் எம்1 செயலியுடன் வந்த மேக்புக் ஏர் விசிறியையே துறந்தது. ஆனால் நெடுநேரக் கடும்பணியில் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இங்கு நம் சூழலைக் கருத வேண்டும். விசிறியின் டெசிபல் அளவு பொதுவாக, எதிரே தடையேதும் இல்லாத நிலையில், அமைதியான ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்படுவது. செயலியை 90 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று கொள்வோம். 22 டிகிரி அறையில் வெப்பத்தை வெளியேற்ற 68 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. மே மாதத்து விடுதி அறையின் 38 டிகிரியிலோ 52 மட்டுமே. அதே பணிக்கு அதே விசிறி அதிகமாகச் சுழலும், அதிகமாக ஒலிக்கும். பழைய குளிர் அறை செய்த வேலை முழுவதும் இப்போது இந்தச் சிறு விசிறியின் மீது விழுந்திருக்கிறது.

ஆகவே உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கும் மாணவர் சிலவற்றைக் கவனிக்கலாம். பெட்டியில் இடமிருந்தால் 25 மில்லிமீட்டர் விசிறியே மேல். இடமே இல்லாதபோது மட்டும் மெல்லியது. தகடுகளுக்கோ தூசி வடிகட்டிக்கோ எதிரே பொருத்துவதாயின், காற்றின் அளவைவிட அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். வெப்பத்திற்கேற்ப வேகம் மாறும் நான்கு கம்பி விசிறி நல்லது. காற்றை உள்ளிழுக்கும் பக்கத்தில் சிறிது வெளி விட வேண்டும். விளம்பரத்தில் காணும் டெசிபல் எண்ணை, நம் அறையின் கோடையை மனத்தில் கொண்டே படிக்க வேண்டும்.